அம்மாவின் கணுக்காலும் நான் வைத்த தலைப்பும்

"பாப்பா, நீ எழுதினதத்தான் படிச்சுக்கிட்டு இருக்கேன். மூணே ஓட்டையில முடிஞ்சிடுமாமே?"

அம்மா போனில் இப்படிக் கேட்டபோது நான் விழுப்புரம் பஸ்ஸில் இருந்தேன். அங்கே வீட்டில், அவருடைய வலது கால் மூன்று தலையணைகளின் மேல் வீங்கிக் கிடந்தது. முந்தின நாள் மாலை மழையில் பின்கட்டுப் படியில் வழுக்கிவிட்டார். விழுந்ததுகூடப் பெரிதில்லை, எழுந்து நிற்கப் பார்த்தபோதுதான் பாதம் ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகத் திரும்பியது என்று மாமா சொன்னார்.

அம்மா படித்துக்கொண்டிருந்தது நான் நாலு மாதம் முன்பு எழுதிய கட்டுரை. 'தழும்பே இல்லாத எலும்பு ஆபரேஷன்... மூன்றே நாளில் நடக்கலாம்!' தலைப்பும் என்னுடையதுதான். ஒரு மருத்துவமனை அனுப்பிய செய்திக் குறிப்பை வைத்து, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் முக்கால் மணி நேரத்தில் எழுதி முடித்தது. டிஜிட்டல் டெஸ்க்கில் ஒரு நாளைக்கு ஆறு, ஏழு செய்திகள் போட வேண்டியிருக்கும். யாரையும் கூப்பிட்டு ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அந்த வாரம் அதிகம் படிக்கப்பட்ட ஐந்து கட்டுரைகளில் அது ஒன்று. அம்மா அதைத் தெருவில் எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்.

அம்மாவுக்கு 52 வயது. எட்டு வருடமாக சுகர். தொழில், தையல். இருபது வருடத்துக்கு மேல் ஒரே கால் மிஷின்தான். நான் டிப்ளமோ படித்த பணம் அதில் வந்ததுதான்.

நான் போய்ச் சேர்வதற்குள் மாமா ஒரு யோசனையோடு தயாராக இருந்தார். "அக்காவை புத்தூர் கட்டு போடுற இடத்துக்குக் கூட்டிட்டுப் போயிடலாம், பிளேட்டெல்லாம் வேணாம்" என்றார். எங்கள் பக்கத்தில் அந்த போர்டு இல்லாத ஊரே கிடையாது. மூங்கில் பட்டையும் துணியும் வைத்துக் கட்டி, விலகாத எலும்பு சேர்ந்து நன்றாக நடப்பவர்களை நானே பார்த்திருக்கிறேன். அதனால் மாமாவைக் கேலி செய்ய மாட்டேன். ஆனால், பாதம் பக்கவாட்டில் நகர்ந்து நின்ற மூட்டை எக்ஸ்-ரே இல்லாமல் கட்டினால், அது நகர்ந்த இடத்திலேயேதான் சேரும். அன்று மாமாவோடு கொஞ்சம் சத்தமாகத்தான் பேசிவிட்டேன்.

முதலில் போன தனியார் மருத்துவமனையில் எக்ஸ்-ரே பார்த்ததும், "ரெண்டு பக்கமும் உடைஞ்சிருக்கு. நாளைக்கே ஓபன் பண்ணி பிளேட் வெச்சிடலாம்" என்றார்கள். வெளிப்பக்கம் கிட்டத்தட்ட ஒரு சாண் கீறல், உள்பக்கம் இன்னொன்று. அம்மா என் முகத்தைப் பார்த்தார். 'நீ எழுதினது வேற மாதிரி இருந்துச்சே' என்று கேட்காமல் கேட்ட பார்வை.

இரண்டாவது இடத்தில் அம்மா எதிர்பார்த்த பதில் கிடைத்தது. "கீறலே வேணாம், சின்னச் சின்ன துளைதான். தழும்பு தெரியாது. சீக்கிரம் நடக்கலாம்." செலவு, முதல் இடத்தைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. அம்மா உடனே தலையாட்டினார். "வளையலை வெச்சிடலாம் பாப்பா. நீயே எழுதியிருக்கியே, சும்மாவா எழுதுவே?"

சும்மாதான் எழுதியிருந்தேன். அதை அந்த வரவேற்பறையில் வைத்து எப்படிச் சொல்வது?

ஒரு நாள் அவகாசம் கேட்டுவிட்டு, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் எலும்புப் பிரிவுக்கு அழைத்துப் போனேன். அம்மாவின் காப்பீட்டு அட்டை செல்லும் என்பது ஒரு காரணம். வேறு யாராவது ஒருவர் எங்களுக்காக முடிவெடுத்துவிட மாட்டார்களா என்ற ஆசை இன்னொரு காரணம். ஓ.பி.யில் மூன்று மணி நேரம் காத்திருந்தோம். வீல்சேர் ஒன்றுக்காக மாமா இரண்டு கட்டடம் சுற்றி வந்தார்.

அங்கே இருந்த பெண் டாக்டர் எக்ஸ்-ரேயைப் பார்ப்பதற்கு முன் கட்டைப் பிரித்துத் தோலைப் பார்த்தார். விரலால் மெதுவாக அழுத்தினார். வெளிப்பக்கம் ஒரு நீர்க்கொப்புளம் வந்திருந்தது. பிறகு கேட்டார்: "என்ன வேலைம்மா பார்க்கறீங்க?"

"டெய்லருங்க. கால் மிஷினு."

மூன்று இடம் போனதில் இந்தக் கேள்வியைக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

"அப்போ உங்களுக்குக் கணுக்கால் மேலயும் கீழயும் நல்லா மடங்கணும். இப்போதைக்கு எந்த ஆபரேஷனும் கிடையாது. இந்த வீக்கத்துல யார் கத்தி வெச்சாலும் புண்ணு ஆறாது. தோல்ல சுருக்கம் விழணும். அதுவரைக்கும் காலை உயரத்துல வெச்சு, சுகரைக் குறைப்போம்."

மாவுக்கட்டைப் பாதியாக, பின்பக்கம் மட்டும் வைத்துக் கட்டினார்கள். இன்சுலின் ஆரம்பித்தது. வார்டில் படுக்கையும் கிடைத்தது. அடுத்த எட்டு நாட்கள் அம்மாவின் தோலில் சுருக்கம் விழுகிறதா என்று காலையும் மாலையும் பார்ப்பதுதான் என் வேலை. வயதானால் சுருக்கம் விழுகிறதே என்று கவலைப்படும் வீட்டில், சுருக்கத்துக்காகக் காத்திருந்தோம்.

அந்த எட்டு நாளில், வார்டு வராந்தாவில் உட்கார்ந்துகொண்டு, நாலு மாதம் முன்பே செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்தேன். படித்தேன். ரவுண்ட்ஸ் முடித்து வரும் டாக்டரை நிறுத்திக் கேட்டேன். அவரும் சலிக்காமல் பதில் சொன்னார்.

கணுக்காலில் இரண்டு பக்கமும் புடைத்துக்கொண்டிருக்கும் மொட்டுகளைத் தொட்டுப் பாருங்கள். உள்பக்க மொட்டு, டிபியா என்ற தடித்த எலும்பின் முனை. வெளிப்பக்கம் இருப்பது ஃபிபுலா என்ற மெல்லிய எலும்பின் முனை. இரண்டுக்கும் நடுவே பாதத்தின் டாலஸ் எலும்பு கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது. தச்சர் ஒரு கட்டையில் பள்ளம் வெட்டி, இன்னொரு கட்டையின் முனையைச் செருகுவாரே, அந்த மாதிரி. மருத்துவர்கள் இதற்கு வைத்திருக்கும் 'மார்ட்டிஸ்' என்ற பெயரே தச்சு வேலையிலிருந்து போனதுதான். அம்மாவுக்கு இரண்டு பக்க மொட்டும் உடைந்து, நடுவிலிருந்த எலும்பு வெளிப்பக்கமாக நகர்ந்திருந்தது.

எவ்வளவு நகர்ந்தால் பிரச்னை? 1976-ல் ராம்சே, ஹாமில்டன் என்ற இரு மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்று இன்றும் எலும்பு மருத்துவ மாணவர்களுக்குப் பாடம். டாலஸ் ஒரே ஒரு மில்லிமீட்டர் வெளியே நகர்ந்தால், மூட்டில் எலும்போடு எலும்பு தொடும் பரப்பு சராசரியாக 42 சதவிகிதம் குறைந்துவிடுகிறது. உடம்பின் பாரம் முழுவதும் மிச்சமிருக்கும் இடத்தில் இறங்கும். சில வருடங்களில் மூட்டு தேய ஆரம்பிக்கும்.

ஓபன் அறுவை சிகிச்சையின் பலம் இங்கேதான் இருக்கிறது. தோலைத் திறந்து, உடைந்த துண்டுகளைக் கண்ணால் பார்த்து, கையால் பொருத்தி, பிளேட்டும் ஸ்க்ரூவும் போடுகிறார்கள். 1958-ல் சுவிட்சர்லாந்தில் சில மருத்துவர்கள் சேர்ந்து தொடங்கிய ஏ.ஓ. என்ற அமைப்பு, துல்லியமாகப் பொருத்தி இறுக்கமாகப் பிடித்து மூட்டைச் சீக்கிரம் அசைக்கும் இந்த முறையை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. பலவீனம், தோல். கணுக்காலில் எலும்புக்கும் தோலுக்கும் நடுவே சதை என்று சொல்ல எதுவுமே இல்லை. அந்த இடத்தில் நீளமாகக் கீறி, உள்ளே ஒரு உலோகத் தகட்டையும் வைத்து மூடினால், சுகர் உள்ளவர்களுக்குப் புண் பிரியவும் சீழ் பிடிக்கவும் வாய்ப்பு கூடுகிறது. பிளேட் பிற்பாடு உறுத்துகிறது என்று எடுத்துவிடச் சொல்பவர்களும் உண்டு.

துளை வழியாகச் செய்யும்போது தோல் பெரிதாகக் காயப்படுவதில்லை. வெளிப்பக்க எலும்பின் நுனியில் சின்னதாகத் திறந்து, எலும்புக்குள்ளேயே ஒரு கம்பியைச் செலுத்திவிடலாம். உள்பக்கத்துக்கு, துளை வழியாக ஸ்க்ரூ. ஆனால் நான் தவறாக நினைத்துக்கொண்டிருந்த ஒரு விஷயம் உண்டு. கர்ப்பப்பை, பித்தப்பைக்கெல்லாம் 'ஓட்டை போட்டு' செய்யும்போது உள்ளே கேமரா போகிறது. டாக்டர் டி.வி.யில் பார்த்துக்கொண்டே வெட்டுகிறார். இதுவும் அப்படித்தான் என்று கட்டுரையில் எழுதியே இருந்தேன். இங்கே பெரும்பாலும் கேமரா கிடையாது. சி-ஆர்ம் என்ற எக்ஸ்-ரே கருவியின் நிழல்தான் துணை. எலும்பு தெரியும். நரம்போ, சவ்வோ தெரியாது.

டாக்டர் இதை விளக்கியபோது அம்மா குறுக்கிட்டார். "லைனிங் வெச்ச ஜாக்கெட்டைப் பிரிக்காம உள்துணியைத் தைக்கிற மாதிரிங்களா மேடம்? விரலால தடவித்தான் தைக்கணும். சில நேரம் மடிப்பு ஒண்ணு ஊசியில மாட்டிக்கும். அப்புறம் எல்லாத்தையும் பிரிக்கணும்."

டாக்டர் சிரித்துவிட்டார். "அதேதாம்மா. எலும்பு மேல ஒரு படலம் இருக்கு. உடையறப்ப அது கிழிஞ்சு, விரிசலுக்குள்ள மடிஞ்சு மாட்டிக்கும். வெளியில இருந்து எவ்வளவு அமுக்கினாலும் எலும்பு சேராது. உங்களுக்கு உள்பக்கம் அப்படி இருக்குமோன்னு எனக்கு சந்தேகம் இருக்கு."

இரவில் ஆய்வுகளைத் தேடினேன். எடின்பரோவில் 65 வயதைத் தாண்டிய 100 பேரை வைத்து, பிளேட்டையும் எலும்புக்குள் செலுத்தும் கம்பியையும் ஒப்பிட்ட ஆய்வு 2016-ல் வெளியாகியிருக்கிறது. கம்பி வைத்தவர்களுக்குப் புண்ணில் தொற்று தெளிவாகக் குறைவு. ஆனால் ஒரு வருடம் கழித்து, கால் எப்படி இயங்குகிறது என்று பார்த்தால் இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை. அதே ஆண்டு பிரிட்டனில் 60 வயதுக்கு மேற்பட்ட 620 பேரிடம் இன்னொரு பெரிய ஆய்வு. மயக்க மருந்து கொடுத்து எலும்பை நேராக்கி, காலோடு ஒட்டினாற்போல மாவுக்கட்டு போடுவதையும் அறுவை சிகிச்சையையும் ஒப்பிட்டார்கள். ஆறு மாதத்தில் இரண்டும் கிட்டத்தட்ட சமம். அறுவை சிகிச்சையில் தொற்றும் புண் பிரிவதும் 10 சதவிகிதம், கட்டில் 1 சதவிகிதம். எக்ஸ்-ரேயில் எலும்பு கோணலாகச் சேர்ந்தது கட்டில் 15, அறுவை சிகிச்சையில் 3. மாமாவிடம் இதைச் சொன்னபோது, "பார்த்தியா, கட்டே போதும்னு நான் அப்பவே சொன்னேன்" என்றார். கட்டில் ஆரம்பித்த ஐந்தில் ஒருவருக்குக் கடைசியில் அறுவை சிகிச்சை தேவைப்பட்டது என்ற வரியையும் சேர்த்துப் படித்துக் காட்டினேன்.

அம்மா இந்த இரண்டு குழுவிலும் இல்லை. வயது 52. சுகர் இருக்கிறது. அதோடு மிஷின் மிதிக்க வேண்டும். ஆய்வு வழி காட்டுகிறது, ஆனால் அம்மாவின் கால் அந்த அட்டவணையில் எந்தக் கட்டத்தில் வரும் என்று அது சொல்லாது. பத்திரிகைக்காரியாக எனக்கு இது பிடிக்கவில்லை. தலைப்பு வைக்க முடியாத விஷயம்.

படிக்கும்போது கிடைத்த ஒரு கதையை மட்டும் சொல்லிவிடுகிறேன். கணுக்கால் முறிவுக்கு 'பாட்ஸ் ஃபிராக்சர்' என்று ஒரு பழைய பெயர் உண்டு. பெர்சிவல் பாட் என்ற லண்டன் மருத்துவர் 1756-ல் குதிரையிலிருந்து விழுந்து கால் உடைந்தபோது, தன்னைத் தூக்க யாரையும் விடவில்லையாம். குளிரில் தெருவிலேயே படுத்துக்கொண்டு, ஒரு கதவை விலைக்கு வாங்கி, அதில் தன்னைக் கிடத்தித் தூக்கிப்போகச் சொன்னார். காலை எடுத்துவிடுவதென்று முடிவாகிக் கருவிகள்கூடத் தயாரான நேரத்தில், அவருடைய பழைய ஆசிரியர் வந்து தடுத்தார். கால் பிழைத்தது. இவ்வளவுக்கும் அவருக்கு உடைந்தது கணுக்கால் அல்ல. பிற்பாடு அவர் எழுதிய நூலில் கணுக்கால் முறிவை விவரித்ததால் வந்த பெயர் அது. இதை அம்மாவிடம் சொன்னேன். "கதவு விக்கிறவன் அந்த நேரத்துல எங்க கெடைச்சான்?" என்பதுதான் அவர் கேட்ட ஒரே கேள்வி.

ஒன்பதாம் நாள் சுருக்கம் விழுந்தது. வெளிப்பக்கம் கொப்புளம் வந்த இடம் இன்னும் சரியாகவில்லை என்பதால் அங்கே கீறக் கூடாது, துளை வழியாகக் கம்பி. உள்பக்கம் முதலில் துளை வழியாக முயற்சி, சேராவிட்டால் திறப்பது. இதுதான் முடிவு. சம்மதப் படிவத்தில் இரண்டையும் எழுதி, படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். "எப்பவும் ஓட்டைதான்னு யாராவது வாக்கு குடுத்தா சந்தேகப்படுங்க. உள்ள போய்த் திறக்க வேண்டி வந்தா, அது தோல்வி இல்ல" என்று டாக்டர் என்னைப் பார்த்துச் சொன்னார். என் கட்டுரையை அவர் படித்திருக்க வாய்ப்பில்லை. இருந்தும் சுருக்கென்று இருந்தது.

முதுகில் ஊசி போட்டுத்தான் செய்தார்கள். அம்மா விழித்தே இருந்தார். வெளியே நானும் மாமாவும் இரண்டு டீ குடித்தோம், பேசிக்கொள்ளவில்லை. முடித்து வந்த டாக்டர், "வெளிப்பக்கம் நினைச்ச மாதிரியே முடிஞ்சுது. உள்பக்கம் திறக்க வேண்டியதாயிடுச்சு. படலம் மடிஞ்சு மாட்டியிருந்தது" என்றார். ஸ்ட்ரெச்சரில் வந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்ன முதல் வார்த்தை: "நான் சொன்னேன்ல, மடிப்பு மாட்டிக்கும்னு."

இப்படித்தான் அம்மாவின் ஒரே காலில் இரண்டு முறையும் வந்து சேர்ந்தன. வெளிப்பக்கம் இரண்டு தையல். உள்பக்கம், வளைந்த ஒரு கோடு, என் சுண்டுவிரல் நீளம். கட்டுப் பிரித்து டிரெஸ்ஸிங் செய்யும்போதெல்லாம் அம்மா காலைப் பார்க்கவில்லை, தையலைப் பார்த்தார். "இடைவெளி சமமா போட்டிருக்காங்க பாரு."

வெளிப்பக்கம் பத்து நாளில் காய்ந்துவிட்டது. உள்பக்கம் ஒரு ஓரத்தில் நீர் கசிந்துகொண்டே இருந்தது. மூன்று வாரம் நான் சரியாகத் தூங்கவில்லை. கசிவு கொஞ்சம் மஞ்சளாகத் தெரிந்த ஒரு நாள் காலையில், காப்பிகூடக் குடிக்காமல் ஆட்டோ பிடித்து ஓடினோம். தொற்று இல்லை, தையலை மட்டும் இன்னும் சில நாள் வைத்திருப்போம் என்றார்கள். திறந்த பக்கத்தில் தழும்பைச் சுற்றி இன்றும் மரத்த மாதிரி இருக்கிறது, எறும்பு ஊர்கிறது என்கிறார். துளை பக்கத்திலும் குறை இல்லாமல் இல்லை. கம்பியின் முனை இருக்கும் இடத்தில் செருப்பு வார் பட்டால் சுள்ளென்கிறது.

நடப்பது பற்றி. 'மூன்றே நாளில்' என்று நான் எழுதினேன் அல்லவா? வாக்கரைப் பிடித்து, உடைந்த காலைத் தரையில் ஊன்றாமல் கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை போனது மூன்றாம் நாள்தான். செய்திக் குறிப்பில் இருந்த 'நடக்கலாம்' இதுவாகத்தான் இருக்க வேண்டும். காலை ஊன்ற அனுமதி கிடைத்தது பத்தாவது வாரத்தில். அறுவை சிகிச்சைக்குப் பிறகு இரண்டாவது வாரத்திலேயே ஊன்றச் சொல்வதும், ஆறு வாரம் காத்திருந்து ஊன்றச் சொல்வதும் பலருக்கு ஒரே பலனைத்தான் தருகின்றன என்று பிரிட்டனில் நடந்த ஒரு சோதனை 2024-ல் வந்திருக்கிறது. அதைக் காட்டினேன். "சுகர் இருக்கறவங்களுக்கு அவசரப்பட மாட்டேன்" என்றார் டாக்டர். துளையா கீறலா என்பது தோலின் கணக்கு. எலும்பு கூடுவதற்கு அது எடுத்துக்கொள்ளும் வாரங்களை எடுத்துக்கொள்கிறது.

அந்தப் பத்து வாரமும் மிஷின் துணி போர்த்திக் கிடந்தது. தீபாவளி ஆர்டர் முழுவதும் பக்கத்துத் தெரு டெய்லருக்குப் போனது. அம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வெட்டாத ஜாக்கெட் துணிகளைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி, எந்தத் துணி யாருடையது என்று படுத்தபடியே எனக்குச் சொன்னார். பதினேழு பைகள். ஒவ்வொரு வீட்டுக்கும் நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூன்று பேர் வாசலிலேயே, "உங்க அம்மா அனுப்பினாங்களே, தழும்பில்லாத ஆபரேஷன், அதானே பண்ணீங்க?" என்று கேட்டார்கள்.

சென்னை திரும்பியதும் எங்கள் சீனியரிடம் போய், அந்தக் கட்டுரையைத் திருத்த வேண்டும் என்றேன். "இப்பவும் தினமும் ஆள் வர்ற கட்டுரைம்மா அது" என்றார். பிறகு, "சரி, திருத்து. கீழே திருத்தப்பட்ட தேதியைப் போடு" என்றார். கேமரா பற்றிய பத்தியை எடுத்தேன். தழும்பும் மூன்று நாளும் தலைப்பிலிருந்து போயின. யாருக்கு எது பொருந்தும், டாக்டரிடம் என்ன கேட்கலாம் என்று எழுதினேன். வீக்கம் வடிந்த பிறகா செய்யப்போகிறீர்கள், துளையில் எலும்பு சேராவிட்டால் என்ன செய்வீர்கள், என் வேலைக்கு இந்தக் கால் எவ்வளவு மடங்க வேண்டும்? இந்த மூன்றாவது கேள்வியை டாக்டர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லிவிடுங்கள். புதிய தலைப்புக்கு வரும் வாசகர்கள் பழையதில் பாதிகூட இல்லை.

மோட்டார் வைத்த மிஷின் வாங்கித் தருகிறேன் என்றேன். "மோட்டார் என் சொல்பேச்சு கேக்காது" என்று மறுத்துவிட்டார். தினமும் காலையில் ஒரு பழைய துண்டைப் பாதத்தில் மாட்டி இழுத்து இழுத்துப் பயிற்சி செய்கிறார். பாதம் கீழே நன்றாக மடங்குகிறது. மேலே இன்னும் கொஞ்சம் பாக்கி. அதனால் மிதிப்பலகையில் வலது குதிகாலுக்கு அடியில் ஒரு சின்னக் கட்டையை வைத்து, இடது காலை முன்னே கொண்டுவந்து, புது மாதிரி மிதிக்கப் பழகிவிட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில், தழும்பைக் காட்டுங்கள், இந்தக் கட்டுரைக்காகப் பார்க்க வேண்டும் என்றேன். போனைக் காலுக்குப் பக்கத்தில் கொண்டுபோனவர், "இருட்டா இருக்கு, ஒண்ணும் தெரியாது. அப்புறம் பேசு பாப்பா, வளைகாப்பு ஜாக்கெட்டு ரெண்டு இருக்கு, சாயந்திரம் வந்துடுவாங்க" என்று வைத்துவிட்டார்.